வாசிக்காமல் விட்ட பத்தி

தெபொராளிடம் ஒரு பழக்கம் இருந்தது. கதையில் முத்தம் வரப்போகிறது என்று தெரிந்துவிட்டால், தொண்டையைக் கனைத்துக்கொண்டு அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுவாள். வீட்டில் தனக்காகப் படிக்கும் கதையென்றால் அதைக் கேட்க ஆளில்லை. ஆனால் அவளுக்குக் கதை வாசிப்பதுதான் உத்தியோகம். வாசித்து முடித்ததும் ஒரு தாளில் ‘முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டது’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடவேண்டும். ஏழு வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அலுவலகம் பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. வாசலில் ‘பாத்திரச் சம்மத அலுவலகம்’ என்று பலகை. பாத்திரக்கடை என்று நினைத்துக் குக்கர் கைப்பிடியோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது வாட்ச்மேனுக்கு அன்றாட வேலை.

அன்று காலை வந்தவள் குக்கரோடு வரவில்லை. கையில் கதையோடு வந்தாள். பெயர் முப்பிடாதி. ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். இருபத்தாறு வயது இருக்கும்.

“இது மூணாவது கதைக்கா,” என்று தாள்களை மேசையில் வைத்தாள். “இதையும் வேண்டாம்னுட்டாங்கன்னா, சட்டப்படி ஞானத்தையும் சுடலையையும் நான் சாகுற வரைக்கும் எழுதப்படாது. தெரியும்லா?”

தெபொராளுக்குத் தெரியும். முதல் இரண்டு மறுப்புகளிலும் அவள் கையெழுத்துத்தான் இருந்தது.

ஞானதிரவியமும் சுடலைமுத்துவும் ‘பதினேழாம் நம்பர் வண்டி’ என்ற ஒலித்தொடரில் வருகிறவர்கள்; கம்ப்யூட்டருக்குள் இருந்து தாமாகவே பேசும் பாத்திரங்கள். திருநெல்வேலிக்கும் திருச்செந்தூருக்கும் ஓடும் ஒரு பஸ். சுடலை டிரைவர், ஞானம் கண்டக்டர். பதினோரு வருஷமாகத் தினமும் காலையில் இருபது நிமிஷம் அந்த வண்டி ஓடுகிறது. வீட்டில் சட்னி அரைக்கிறவர்கள்கூட அந்த இருபது நிமிஷம் மிக்சியை நிறுத்தி வைப்பார்கள். இருவரும் நல்ல சிநேகிதர்கள். தொடரில் அவ்வளவுதான். ஆனால் கேட்கிறவர்களில் பலருக்கு அது போதவில்லை. அவர்களைக் காதலர்களாக வைத்துக் கதை எழுதி எழுதி அனுப்பினார்கள்.

“ஒரு கதையில இருக்கவங்ககிட்டப் போயி, உன்னைய வச்சி எழுதலாமான்னு கேக்கணும்னு எவன்க்கா சட்டம் போட்டான்?” என்றாள் முப்பிடாதி.

“சும்மா போடல. வேற ஒரு தொடர்ல வேம்புன்னு ஒரு கோமாளி வந்தான், ஞாபகம் இருக்கா? இவங்களுக்கெல்லாம் ஞாபகசக்தி வச்சிட்டாங்க. தொடர் ஓட ஓட அவங்களே பேசிக்கணும்ல. வெளிய அவனை வச்சு என்னென்னமோ அசிங்கமா எழுதுனாங்க, எல்லாம் அவன் ஞாபகத்துல போய் உக்காந்துட்டு. ஒரு நாள் காலைல நேரலைல, ‘என்னைய வச்சு என்ன செஞ்சீங்கன்னு எனக்குத் தெரியும்’னு சொன்னான். அதோட பேசவே இல்லை. அதுக்கப்புறந்தான் சட்டம். ரெண்டு பேரையும் தனித்தனியா கேக்கணும். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தருக்குச் சொல்லப்படாது. ரெண்டு பேரும் சரின்னாத்தான் கதை வெளிய வரலாம்.”

“அது நியாயந்தான்,” என்றாள் முப்பிடாதி.

“நீ ஏம்மா இவங்களையே எழுதுத? உனக்கு வேண்டியவங்க யாராவது இப்படி…”

“ஐயோ, அதெல்லாம் இல்லக்கா. எல்லாரும் இதையே கேக்காங்க.” அவள் சிரித்தாள். “அவங்க ரெண்டு பேரும் ஒரு டீயை ரெண்டாப் பிரிச்சுக் குடிக்காங்கல்லா, அதைக் கேட்டா மனசுக்கு நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் நல்லா இருக்கட்டுமேன்னு எழுதுதேன். எங்க வார்டுல அஞ்சாம் நம்பர் பெட்ல ஒரு தேங்கா யாவாரி. மெஷின்ல நாலு மணி நேரம் படுத்திருக்கணும், முன்னெல்லாம் கத்திக்கிட்டே இருப்பாரு. இப்ப நான் எழுதுத கதை எப்படிப் போவுதுன்னு சொல்லிக்கிட்டு இருப்பேன். ‘ஏ பிள்ளே, கையப் பிடிச்சானா இல்லையா, அதை மொதல்ல சொல்லு’ம்பாரு.”

போகும்போது வாசலில் நின்று, “பாத்து வாசிங்கக்கா,” என்று மட்டும் சொன்னாள்.

*

தெபொராள் கெட்ட எண்ணம் உள்ளவள் அல்ல. பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற பிறகுதான் இந்த வேலைக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதபாடம் வாசிக்கிறவள், பிள்ளைகளின் ஞாயிறு பள்ளிக்குப் பொறுப்பாளர். தினமும் காலை ஜெபத்தில் ஞானத்தையும் சுடலையையும் சேர்த்துக்கொள்வாள். கதையில் இருக்கிறவர்களுக்காக ஜெபிக்கலாமா என்று ஒருநாள் பாஸ்டர் ஐயாவிடமே கேட்டாள். ஐயா யோசித்துவிட்டு, “ஜெபிங்கம்மா. அது யாருக்குச் சேரணுமோ அவங்களுக்குச் சேரும்,” என்றார்.

ஆனால் இரண்டு ஆண்களின் காதலை வாயால் வாசிப்பது அவளுக்குச் சங்கடமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் இருவரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டபோது, ‘நல்லவேளை’ என்று அவள் மனசுக்குள் ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஜெபத்திலும் சொன்னதில்லை.

முதல் அறையில் ஞானம். அறை என்றால் ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர், ஒரு பச்சை விளக்கு. விளக்கு எரிந்ததும் பஸ் ஸ்டாண்டு இரைச்சல் கேட்டது.

“வாங்கக்கா. இன்னைக்கு எந்த ஊரு மகராசன் எழுதியிருக்கான்?”

“பேரைச் சொல்லப்படாது தம்பி.”

“சரி, வாசிங்க. போன தடவை மாதிரி கோயில்ல பாடம் வாசிக்கிற குரல்ல வாசிக்காதீங்க. ‘அவன் அவனை நேசித்தான்’னு வந்தா எனக்கு எந்திரிச்சு நின்னு ஆமென்னு சொல்லணும்போல இருக்கு.”

அவள் வாசித்தாள். ஆத்தூர் தாண்டி மழையில் பஸ் நின்றுபோகிறது. பயணிகளெல்லாம் வேறு வண்டியில் ஏறிப்போய்விட, மெக்கானிக் வரும்வரை இருவரும் வண்டியில் காத்திருக்கிறார்கள். நாலாம் பக்கத்தில் ஒரு பத்தி, ‘யாரும் இல்லை. சுடலை எழுந்து ஞானத்தின் அருகே வந்து, அவன் முகத்தை நோக்கிக் கையை நீட்டினான்’ என்று தொடங்கியது. தெபொராள் கனைத்துக்கொண்டு தாளைத் திருப்பினாள்.

வாசித்து முடித்ததும் ஞானம் சொன்னான்: “நல்லாத்தான் எழுதியிருக்கு. ஆனா வேண்டாம்னு போட்டுருங்கக்கா. சுடலை கூச்சக்காரன். இதைக் கேட்டான்னா ஒரு வாரம் என் மூஞ்சியப் பாக்க மாட்டான். அவனுக்கு எதுக்குச் சங்கடம்?”

இரண்டாம் அறையில் சுடலை. எஞ்சின் ஓடுகிற சத்தம் மெதுவாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் வண்டியை அணைப்பதே இல்லை.

“முட்டி வலி எப்படி இருக்குக்கா?”

“இருக்கு. கதையில இருக்க உங்களுக்கெல்லாம் அந்தத் தொல்லை இல்லை.”

“யாரு சொன்னா? கிளட்ச் மிதிச்சு மிதிச்சு எனக்கு இடது முட்டி போச்சு. எழுதினவங்க யாரும் அதைச் சரிபண்ண மாட்டேங்காங்க.”

அவனுக்கும் வாசித்தாள். அதே இடத்தில் கனைத்தாள். முடித்ததும் அவன் சொன்னான்: “வேண்டாங்கக்கா. ஞானம் கோயில் கமிட்டில இருக்கான். நாலு பேரு நாலு விதமாப் பேசினா அவன் மனசு தாங்காது. அவனுக்காகச் சொல்லுதேன்.”

தெபொராள் பேனாவை எடுத்தாள். ‘சம்மதமில்லை’ என்ற கட்டத்துக்கு அருகே பேனா போனபோது சுடலை மறுபடியும் பேசினான்.

“அக்கா, நடுவுல ஒரு பத்தியை விட்டுட்டீங்க.”

அவள் கை நின்றது.

“தாள் திருப்புத சத்தம் சீக்கிரமே வந்துட்டு. நான் சத்தத்தை வச்சே வண்டி ஓட்டுதவன்லா. எப்பவும் ஒரு கனைப்பு வரும், அப்புறம் தாள் திரும்பும். ஏழு வருஷமா கேக்கேன். பரவாயில்லைக்கா. உங்களுக்குச் சங்கடம்னு எனக்குத் தெரியும். அதனாலதான் சொல்லல.”

தெபொராளுக்கு முகம் சூடாகிவிட்டது. அவன்மேல் கோபம் வரவில்லை. ஏழு வருஷமாக அவன் தன்னைக் கூச்சப்படவிடாமல் காப்பாற்றியிருக்கிறான் என்பதுதான் உறைத்தது.

*

பக்கத்து அறையில் சங்கரநயினார் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு அறைகளின் பதிவையும் கேட்டுச் சரிபார்ப்பவர் அவர். ஒருவர் பதில் இன்னொருவருக்குப் போய்விட்டதா என்று கவனிப்பதுதான் அவருடைய முக்கிய வேலை. போயிருந்தால் வாசித்தவருக்கு வேலை போகும். தெபொராளைப் பார்த்ததும் ஹெட்போனைக் கழற்றித் தன் டீயில் பாதியைப் பிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்தார்.

“கேட்டீங்களா, நயினார் சார்?”

“கேட்டேன் டீச்சர்.”

“நான் கையெழுத்துப் போட்டதெல்லாம் பொய்.”

நயினார் ஆறுதலுக்காகக்கூட ‘இல்லை’ என்று சொல்லாத மனுஷர்.

“இன்னொண்ணு சார். ரெண்டு பேரும் வேண்டாம்னு சொன்னாங்க. சரி. ஆனா ரெண்டு பேருமே தனக்கு வேண்டாம்னு சொல்லல. அவனுக்குச் சங்கடம்னு இவன் சொல்லுதான், இவனுக்குச் சங்கடம்னு அவன் சொல்லுதான். ஏழு வருஷமா இப்படித்தான் சொல்லியிருக்காங்க. நான் ஒரு தடவையாவது, ‘சரிப்பா, உனக்கு?’ன்னு கேட்டிருக்கணுமா இல்லையா?”

“படிவத்துல அந்தக் கேள்வி இல்லையே.”

“படிவத்துல இல்லைன்னு நான் கேக்காம இருக்கல. கேட்டா என்ன பதில் வருமோன்னு கேக்கல.”

சொல்லி முடித்ததும் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. டீ ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்துவிட்டு மூடியைக் கழுவி வைத்தாள்.

“தாளை மூடுறதுக்கு முன்னால மறுபடி வாசிக்கலாம்லா?”

“அஞ்சு மணி வரைக்கும் வாசிக்கலாம்,” என்றார் நயினார். “ஆனா பதிலைக் கொண்டுபோகாதீங்க டீச்சர். நான் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன். எழுதித்தான் ஆகணும்.”

*

ஞானத்தின் அறையில் பச்சை விளக்கு மறுபடி எரிந்தது.

“தம்பி, காலைல நான் ஒரு பத்தியை உங்களுக்கு வாசிக்கல. என் தப்பு. இப்ப வாசிக்கேன்.”

அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். கனைப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

‘யாரும் இல்லை. சுடலை எழுந்து ஞானத்தின் அருகே வந்து, அவன் முகத்தை நோக்கிக் கையை நீட்டினான். மழைத்துளி படிந்து ஞானத்தின் மூக்குக்கண்ணாடி மங்கியிருந்தது. அதைக் கழற்றித் தன் சட்டை நுனியால் துடைத்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடியும் துடைத்தான். கண்ணாடி இல்லாத ஞானத்தின் முகத்தை அவன் அதுவரை பார்த்ததே இல்லை. திரும்ப மாட்டிவிடுவதற்கு முன், மூக்கின்மேல் கண்ணாடி அழுத்திய தழும்பில் ஒரு முத்தம் கொடுத்தான். “இப்பத் தெரியுதா?” என்றான். “தெரியுது,” என்றான் ஞானம்.’

அவ்வளவுதான். ஏழு வருஷமாக எதைக் கண்டு பயந்தோம் என்று தெபொராளுக்குத் தோன்றியது. தன் கண்ணாடியை இப்படி ஒருவர் துடைத்துக் கொடுத்திருந்தால், அந்த மனுஷருக்காக ஆயுசுக்கும் ஜெபித்திருப்பாள்.

“தம்பி, சுடலைக்குச் சங்கடம்னு சொன்னீங்க. அது இருக்கட்டும். உங்களுக்கு?”

“எனக்கா?” என்றான் ஞானம். “எங்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேக்கலையே.”

அவள் காத்திருந்தாள்.

“அக்கா, நான் விசில் கொடுக்காம அவன் வண்டியை எடுக்க மாட்டான். பதினோரு வருஷத்துல ஒரு நாளும் எடுத்ததில்லை. ஆள் ஏறியாச்சுன்னு அவனுக்கே தெரியும், இருந்தாலும் எடுக்க மாட்டான். ஆனா நானும் அவன் டிரைவர் சீட்டுக் கண்ணாடியில என்னைய ஒரு பார்வை பாத்தாத்தான் விசில் கொடுப்பேன். இந்த விஷயத்துல அவன் பாக்க மாட்டேங்கான். நான் கொடுக்க மாட்டேங்கேன். வண்டி அப்படியே நிக்கி.” கொஞ்சம் நிறுத்தினான். “என் பதிலை அவன்கிட்டச் சொல்லப்படாதுல்லா?”

“சொல்லப்படாது.”

“சரி. சொல்ல வேண்டாம். ஒரு விசில் மட்டும் கொடுப்பீங்களா? என் விசில் இந்த ரூமைத் தாண்டாது. நான் கேட்டுக்கிட்டேன்னு நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். கேட்டு அவனுக்கு வேண்டாம்னா வண்டியை அணைச்சிருவான். எனக்கும் விளங்கிரும்.”

தெபொராளின் கைப்பையில் ஒரு விசில் இருந்தது. போன மாதம் ஞாயிறு பள்ளி விளையாட்டு விழாவில், சாக்கு ஓட்டத்துக்கு ஊதியது. எடுத்து வைக்க மறந்திருந்தாள்.

“ரெண்டு தடவைக்கா. மொதல்ல நீளமா. அப்புறம் ஒரு மூச்சு விட்டு, சின்னதா. எல்லா கண்டக்டரும் ரெண்டையும் ஒண்ணா கொடுப்பான். நான் மட்டும் நடுவுல மூச்சு விடுவேன். யாராவது ஓடி வாராங்களான்னு பாக்க.”

சுவருக்கு அந்தப் பக்கம் நயினார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். வேலை போகலாம் என்பதும் தெரியும். சுடலையின் அறைக்கு நடந்த அந்தப் பத்து அடிக்குள் ஒரு சின்ன ஜெபம் செய்தாள். வார்த்தையெல்லாம் பெரிதாக இல்லை. ‘ஆண்டவரே, தப்பா இருந்தா எனக்கு இருக்கட்டும்’ என்பதுதான்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. “வாங்கக்கா,” என்றான் சுடலை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. விசிலை வாயில் வைத்து நீளமாக ஒரு தடவை ஊதினாள். ஒரு மூச்சு விட்டாள். பிறகு சின்னதாக ஒரு தடவை.

ரொம்ப நேரம் எஞ்சின் சத்தம் ஒரே மாதிரி கேட்டது. அணைந்துவிடுமோ என்று அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கிளட்ச் மிதிபடும் சத்தம் வந்தது. கியர் விழுந்தது. வண்டி மெதுவாக நகர்ந்தது.

“ரைட்டு,” என்றான் சுடலை. குரல் கரகரத்திருந்தது. அவன் கனைத்துக்கொண்டான். “விட்ட பத்தியை வாசிங்கக்கா. கேக்கேன்.”

அவள் வாசித்தாள். கோயிலில் வாசிக்கிற அதே குரல்தான் வந்தது. இந்த முறை அது அந்தப் பத்திக்குப் பொருந்தியிருந்தது.

“உங்களுக்குச் சம்மதமா தம்பி? அவருக்காக இல்லை, உங்களுக்கு.”

“சம்மதந்தான். ஆனா ஒரு திருத்தம் இருக்கு.”

“சொல்லுங்க.”

“சட்டை நுனின்னு எழுதியிருக்கு. காக்கித் துணி முரடு, கண்ணாடி கீறிரும். ஸ்டியரிங் பக்கத்துல, சாமி படத்துக்குப் பின்னால ஒரு மஞ்சத் துணி மடிச்சு வச்சிருக்கேன். மெல்லிசு. அவன் கண்ணாடிக்குன்னு வச்சது. வாரத்துக்கு ஒருக்கா துவைச்சுக் காயப்போட்டு வைப்பேன். அவன் ஒருநாளும் கேக்கல, அதனால குடுக்கல. அந்தத் துணியாலன்னு மாத்தச் சொல்லுங்க.”

*

நாலரை மணிக்குள் ஞானத்திடமும் மறுபடி கேட்டாகிவிட்டது, அவன் தாளிலும் சுடலையின் தாளிலும் சம்மதம் பதிவாகிவிட்டது. தெபொராள் மூன்றாவதாக ஒரு தாளை எடுத்து, தான் வாசிக்காமல் விட்ட பத்திகளைப் பற்றி எழுதினாள். முப்பிடாதியின் முதல் இரண்டு கதைகளும், நினைவில் இருந்த மற்றவையும் அதில் வந்தன. மறுப்புகளை ரத்துசெய்து அவற்றை மறுபடி வாசிக்க வேண்டும் என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டாள். ஏழு வருஷத்தில் முழு மனசோடு போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

“மெமோ வரும் டீச்சர்,” என்றார் நயினார்.

“வரட்டும். விசிலையும் எழுதிட்டீங்கள்லா?”

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். ‘முதலாமவர் கேட்டுக்கொண்டபடி அதிகாரி இரண்டாமவர் அறையில் விசில் ஊதினார், இருமுறை’ என்று இருந்தது. ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

“மேல என்ன சொல்லுவாங்களோ தெரியாது. ஒருத்தர் இன்னொருத்தரை நெருக்கிரப்படாதுன்னுதான் இந்தச் சட்டம். எனக்குக் கேட்டவரைக்கும் இங்க யாரும் யாரையும் நெருக்கல. அதையும் கீழ எழுதப்போறேன்.” பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பார்த்தார். “ஆனா ஒரு சிக்கல் டீச்சர். பாத்திரம் திருத்தம் சொன்னா, அது தொடர்ல எந்தப் பகுதில வருதுன்னு ஆதாரம் குறிக்கணும். அந்த மஞ்சத் துணியைத் தேடுனேன்.”

“ம்.”

“இல்லை. பதினோரு வருஷத்துப் பகுதியும் தேடியாச்சு. சாமி படம் வருது. துணி எங்கயும் இல்லை. எழுதினவங்க குறிப்புலயும் இல்லை. வெளிய வந்த கதை ஒண்ணுலயும் இல்லை. யாரும் எழுதல டீச்சர்.”

இருவரும் சுவரைப் பார்த்தார்கள். அந்தப் பக்கத்தில் விளக்கு அணைந்த அறையில், ஸ்பீக்கர் மட்டும் இருந்தது.

தெபொராள் படிவத்தை வாங்கி, ‘ஆதாரம்’ என்ற இடத்தில், ‘சுடலைமுத்து’ என்று எழுதினாள். பிறகு முப்பிடாதிக்கு போன் செய்தாள். அங்கே மெஷின்களின் சத்தத்துக்கு நடுவே யாரோ ஒரு முரட்டுக் குரல், “என்ன பிள்ளே, என்னாச்சு, சொல்லு,” என்று கேட்பது கேட்டது.

“சரின்னுட்டாங்கம்மா. ரெண்டு பேரும். ஒரே ஒரு திருத்தம். சட்டை நுனியை எடுத்துட்டு மஞ்சத் துணின்னு போடணும்.”

“மஞ்சத் துணியா? அது எங்கக்கா இருக்கு?”

“ஸ்டியரிங் பக்கத்துல, சாமி படத்துக்குப் பின்னால,” என்றாள் தெபொராள். “வாரா வாரம் துவைச்சு வைக்காரு.”